வணிகனாய்ப் போய்ப் பனியனாய் வந்த சொல்

திருப்பூரில் ஒருவரை நிறுத்தி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், 'பனியன் கம்பெனி வேலை' என்பதே பெரிதும் கிடைக்கும் விடை. அத் தொழிலகத்தில் தைப்பது உள்ளாடையா, குழந்தை உடையா, வெளிநாட்டார் அணியும் மேற்சட்டையா என்பது பொருட்டன்று. பின்னற்பொறியிலிருந்து இறங்கும் துணியெல்லாம் அங்குப் பனியன் துணி. அதனைத் தைக்கும் இடமெல்லாம் பனியன் கம்பெனி. ஓரூரின் பிழைப்பு முழுவதும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

அச்சொல் ஆங்கிலம் என்பதும், அதற்கு ஈடாகத் தமிழில் ஒன்றும் இல்லை என்பதும் படித்தவர் பலரின் முடிவு. தூய தமிழ் பேசுவாரைக் கண்டவுடன், "பனியனுக்கு என்ன சொல்வீர்?" என்று கேட்டு நகைப்பதும் அவர்க்கு வழக்கம். நகைப்பவர் அச்சொல்லின் பிறப்பை ஒருமுறை ஆராய்ந்திருந்தால் அந்த நகைப்பு அடங்கியிருக்கும்.

குசராத்தி மொழியில் வணிகனுக்கு வாணியோ என்று பெயர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் குசராத்து வணிகர் பாரசீக வளைகுடாவிலும் அரபுக் கரையிலும் கிழக்காப்பிரிக்காவிலும் கடை விரித்திருந்தனர். அவர்களோடு வாங்கியும் விற்றும் பழகிய போர்த்துகீசியர் வாயில் வகரம் பகரமாகத் திரிந்து, அப்பெயர் பனியன் ஆயிற்று. அவர்களிடமிருந்து ஆங்கிலர் அதனைப் பெற்றனர். அந்நாளில் அதற்கு வணிகன் என்பதொன்றே பொருள். சட்டைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பின்னர் அச்சொல் ஆங்கிலர் வாயில் கிளைத்த கிளைகள் வியப்புக்குரியவை. பாரசீக வளைகுடாக் கரையில், இன்று பந்தர் அப்பாசு என வழங்கும் துறைமுகத்தருகே, பெரிய ஆலமரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் குசராத்து வணிகர் சிறு கோயில் எழுப்பி வழிபட்டனர். வழிச்சென்ற ஐரோப்பியர் அதனைப் பனியரின் மரம் என்று குறித்தனர். நாளடைவில் அம்மரத்தின் பெயரே உலகத்து ஆலமரங்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயராகிவிட்டது. ஆல் என்னும் ஓரசைச் சொல்லைத் தொன்றுதொட்டு வழங்கும் தமிழரின் பிள்ளைகள், இன்று ஆங்கிலப் பள்ளிகளில் அம்மரத்தை வணிகன் பெயரால் அழைக்கக் கற்கின்றனர்.

ஆங்கிலக் கப்பல்களில் கிழமைதோறும் சில நாள்களில் மாலுமிகளுக்கு இறைச்சி வழங்காமல் இருப்பது பழைய முறை. ஊன் உண்ணாத குசராத்து வணிகரை நினைந்து, அந்நாள்களுக்குப் பனியன் நாள் என்று மாலுமிகள் பெயரிட்டனர். வங்காளத்திலோ அச்சொல் வேறொரு பொருள் கொண்டது. கும்பினி அலுவலர்க்குப் பணம் கடன் கொடுத்து, சரக்குத் தேடித் தந்து, மொழிபெயர்த்து உதவிய உள்நாட்டுத் தரகர் அங்குப் பனியன் எனப்பட்டார். சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாசி என்றழைக்கப்பட்டவரின் இடத்தை வங்காளத்தில் அவர் வகித்தார்.

உடைக்கு அப்பெயர் வந்த கதை தனி. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வர் வீட்டிலிருக்கும்போது, கீழைநாட்டுப் பாங்கில் தைத்த நீண்ட தளர்ந்த அங்கி ஒன்றை அணிந்தனர். அதற்குப் பனியன் என்றும் இந்திய அங்கி என்றும் பெயர். புகழ்பெற்ற நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீசு 1666-இல் தம் உருவத்தை ஓவியமாகத் தீட்டுவித்தபோது, அத்தகைய அங்கியொன்றை வாடகைக்கு எடுத்து உடுத்துக்கொண்டார். அவ்வோவியம் இன்றும் இலண்டனில் உள்ளது. உடம்பை மூடிய அந்த நீண்ட அங்கி எங்கே, இன்றைய கையற்ற உள்ளாடை எங்கே!

1886-இல் என்றி யூல், ஆர்தர் பர்னல் இருவரும் தொகுத்த 'ஆப்சன் சாப்சன்' என்னும் அகரமுதலி வெளிவந்தது. பர்னல் தஞ்சையில் நடுவராக இருந்தவர், தென்மொழிகளை ஆராய்ந்தவர். பனியன் என்பது முதலில் மென்துகிலால் ஆன உள்ளாடையைக் குறித்தது என்றும், இந்நாட்டார் அணிந்த மேலுடையை ஒத்திருந்ததால் அப்பெயர் பெற்றது என்றும், தம் காலத்தில் பருத்தி, கம்பளி, பட்டு ஆகியவற்றால் ஆன நெகிழ்ந்து கொடுக்கும் உள்ளாடைக்கு அது வழங்குகின்றது என்றும் அந்நூலில் பதிவு செய்தனர். அப்பொருளோடுதான் அது தமிழகம் வந்து சேர்ந்தது. 1925-ஆம் ஆண்டளவில் குலாம் காதர் என்பவர் திருப்பூரில் முதற் பின்னலாடைத் தொழிலகத்தைத் தொடங்கியதாக அவ்வூரின் தொழில் வரலாறு கூறும். தொழில் வளர வளரச் சொல்லும் வளர்ந்தது. இங்கிலாந்துப் பொதுமக்களோ இன்று தம் உள்ளாடையை அப்பெயரால் அழைப்பதில்லை. ஆங்கிலரே கைவிட்ட சொல்லை ஆங்கிலம் என்று மதித்துப் போற்றுகின்றவர் தமிழர். வடநாட்டு முதலாளியரைப் 'பனியா' என்று மேடையில் சாடுவோரும், அதே சொல்லைத் தம் மார்பில் அணிந்துகொண்டே சாடுகின்றனர்!

வணிகன் என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. அதனை வடசொல் என மொழிநூலார் பலர் கூறுவர். தனித்தமிழ் அறிஞர் தென்சொல் என்றே கொள்வர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், அச்சொல் தமிழ் மண்ணில் ஈராயிரம் ஆண்டளவாக வேரூன்றி நிற்பதற்குக் கல்லே சான்று. கொங்கு நாட்டுக் கருவூரை அடுத்த புகழூர் மலைக் குகையில், கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனின் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் அறுவை வணிகன் ஒருவன் பெயர் காணப்படுகின்றது. கழகப் புலவருள் ஒருவர்க்கு மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே பெயர். துணி விற்றவர் பாட்டும் எழுதிய நாடு இது.

அறுவை என்றால் துணி. நெய்த நெடும்பாவிலிருந்து அறுக்கப்படுவதால் அறுவை, துணிக்கப்படுவதால் துணி, துண்டிக்கப்படுவதால் துண்டு, வெட்டப்படுவதால் வேட்டி என்றும் அறிஞர் விளக்குவர். ஆடையின் பெயர்கள் பலவற்றையும் வெட்டும் வினையிலிருந்தே வார்த்தெடுத்த மொழி தமிழ். அம்மொழிக்குரியவர் இன்று திருப்பூரில் துணியை வெட்டும் வேலைக்குக் 'கட்டிங்' என்னும் சொல்லன்றி வேறொன்றும் அறியாதவர்போல் இருப்பதை என்னென்பது! பனியன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லாடுவது வீண். சிக்கல் அதனினும் ஆழமானது.

ஆங்கிலம் பிறமொழிச் சொற்களை வாரிக்கொண்டு வளர்ந்ததே, தமிழும் அவ்வாறு செய்தால் என்ன என்று சிலர் கேட்பர். கேட்கத் தக்க கேள்வியே. விடையும் மேற்கூறிய வரலாற்றிலேயே உள்ளது. ஆங்கிலர் தமக்கு அறிமுகமில்லாத மரத்துக்கும், தாம் கண்டிராத உடைக்கும் பெயர் வேண்டி அயற்சொல்லைக் கொண்டனர். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் மடிப்பதற்கும் தாம் வைத்திருந்த சொற்களைக் குசராத்திக்காக அவர்கள் கைவிடவில்லை. இல்லாததற்கு வாங்குவது கடன். இருப்பதை எறிந்துவிட்டு வாங்குவது இழப்பு. தமிழர் செய்வது இரண்டாவது.

இது புலவரின் மனவருத்தம் மட்டும் என்று கருதுவார் தொழிலகத்துக்குள் சென்று பார்க்கட்டும். முதலாளியர் அமைப்புகளும் தொழிலாளர் அமைப்புகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் கூலி உடன்பாட்டில் வேலைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று செல்லும் அவ்வரிசையில், கைமடி, அடுக்கிக் கட்டுதல் என்னும் பெயர்களும் இடையே தென்படும். தமிழ்ப்பெயர் எஞ்சியிருப்பது உதவி வேலைகளில்தான். தேர்ந்த வேலைக்கு ஆங்கிலப் பெயர், துணைவேலைக்குத் தமிழ்ப்பெயர் என்னும் ஏற்றத்தாழ்வைக் கூலித் தாளே கற்பிக்கின்றது.

சிற்றூரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். 'பீசு ரேட்டு' என்பதும் 'ஓவர் டைம்' என்பதும் 'டேமேசு' என்பதும் அவள் காதில் ஓசையாக விழும். உருப்படிக் கூலி, மிகைநேரக் கூலி, பழுது என்று சொன்னால் முதல்நாளே பொருள் விளங்கும். விளங்கினால் கேள்வி எழும். உருப்படிக்கு எவ்வளவு? மிகைநேரத்துக்கு எவ்வளவு? பழுது யாரால் நேர்ந்தது? விளங்காத சொல்லின் முன் கேள்வி எழாது. கூலியில் பணம் கழிந்த பின்னரே அச்சொல்லின் பொருள் தெரியவரும். உரிமையைக் கேட்கும் வாய்க்கு முதலில் வேண்டியது சொல்.

சொல் விளங்கினால் நேர்வது என்ன என்பதற்கு நொய்யலாறே சான்று. சாயக்கழிவு என்னும் சொல்லை எந்தப் புலவர் அவையும் கூடிப் படைக்கவில்லை. கெட்டுப்போன கிணற்றையும் கருகிய பயிரையும் கண்ட உழவர் வாயில் அது வழங்கிற்று. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது என்ன என்பதை எழுத்தறியாதவரும் அச்சொல்லால் அறிந்தனர். அறிந்ததனால் ஊர்கூடிக் கேட்டனர். 2011 சனவரியில் கழிவுநீரை முழுதும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணைக்குப் பின்னால் பல்லாண்டு வழக்கும் போராட்டமும் உண்டு. அப்போராட்டம் நடந்தது உழவர்க்கு விளங்கிய மொழியில். ஆங்கிலத் துறைச்சொல்லைக் கொண்டு எவரும் அவ்வுழவரைத் தெருவில் கூட்டியிருக்க முடியாது.

புதுச்சொல் மக்களிடம் நில்லாது என்பாரும் கொங்கு நாட்டையே நோக்கட்டும். நூற்பாலை என்பதும் விசைத்தறி என்பதும் ஒருகாலத்துப் புதுச்சொற்களே. இன்று பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறி என்றால் சிறுபிள்ளைக்கும் தெரியும். பின்னலாடை என்னும் சொல்லும் அவ்வாறே அரசு ஆணையிலும் செய்தித்தாளிலும் பெயர்ப்பலகையிலும் ஏறி அமர்ந்துவிட்டது. எவரும் அதனைக் கடுந்தமிழ் என்று இன்று நகைப்பதில்லை. சொல் நிலைக்காததற்கு மக்கள் கரணியர் அல்லர். நாள்தோறும் அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் எழுதாதவரே கரணியர்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிற வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் இன்று திருப்பூருக்கு வருகின்றனர். அவர்கள் அங்குக் கேட்கும் சொல்லையே கற்பர். தமிழ்த் தொழிலாளி வெட்டு, தையல், மடிப்பு என்றால் அவர்களும் அவ்வாறே சொல்வர். அவன் கட்டிங், பேக்கிங் என்றால் அவர்கள் தமிழ் கற்க வழியே இராது. வந்தவர்மேல் பழிபோடுமுன் இருப்பவர் தம் நாவை நோக்குதல் நன்று.

ஆகவே செய்யத்தக்கவை இவை. பனியன் என்று சொல்லும் தொழிலாளியை எள்ளுதல் வேண்டா. அவன் தானறிந்த சொல்லைச் சொல்கின்றான். எழுதும் உரிமை உள்ளவர்களே திருந்த வேண்டும். தொழிலகப் பெயர்ப்பலகையில் பின்னலாடை என்றும், உள்ளே அணிவதற்கு உள்ளாடை என்றும் எழுதுக. கூலித் தாளிலும் உடன்பாட்டிலும் வெட்டு, தையல், சரிபார்ப்பு, தேய்ப்பு, மடிப்பு, கட்டு என வேலைப்பெயர்களைத் தமிழில் அச்சிடுக. சாயப்பட்டறையில் வேதிப்பொருள் நிறைந்த கலன்மீது எச்சரிக்கையைத் தமிழில் ஒட்டுக. அதனைத் தூக்குகின்றவன் கைதான் முதலில் வேகும். தொழிலாளர் அமைப்புகள் அடுத்த கூலிப் பேச்சின்போது, கூலி உயர்வோடு சேர்த்து இதனையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். இதற்காகும் செலவு அச்சுமை அளவே.

வணிகனின் பெயர் கடல்கடந்து, மரமாகி, நோன்பு நாளாகி, தரகனாகி, அங்கியாகி, உள்ளாடையாகித் திரும்பி வந்துள்ளது. வந்த சொல்லை அடையாளம் காணாமல் ஆங்கிலம் என்று வணங்கியது தமிழரின் பிழை. அறுவை வணிகன் தன் பெயரைத் தன் எழுத்தில் கல்லில் வெட்டுவித்தான். அவன் வழிவந்தவர், தம் கூலித் தாளிலேனும் தம் தொழிலின் பெயரைத் தம் மொழியில் எழுதுவிக்கட்டும்.