முதலாண்டு இணைய வடிவமைப்புப் பாடமும் ஒரு ஸஹர் அட்டவணையும்



கல்லூரிகள் திறந்து சில வாரங்கள் கழிந்ததும் நம் வீடுகள் பலவற்றில் ஒரே வகையான உரையாடலைக் கேட்கலாம். கணினிப் பயன்பாட்டியல் பட்டப்படிப்பில் சேர்ந்த பிள்ளை, "இந்தப் பருவத்தில் வெப் டிசைனிங் என்றொரு பாடம் இருக்கிறது" என்று சொல்லும். "அதைப் படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும்?" என்று வாப்பா கேட்பார். படிப்பது பெண் பிள்ளையாக இருந்தால், "வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலையா?" என்று உம்மா கேட்பார். இவ்விரு கேள்விகளிலும் குற்றமில்லை. ஹலாலான வருவாயைத் தேடுவது நம் மீது கடமை. வீட்டுப் பொறுப்பையும் வேலையையும் சேர்த்துச் சுமக்க விரும்பும் பெண்களுக்கு இத்துறை வாசல் திறந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் இந்தப் பாடத்தைப் பற்றி நாம் கேட்க மறந்த மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை நமக்குக் கற்றுத்தந்தது, மதிப்பெண் இல்லாமல் திரும்பி வந்த ஒரு பயிற்சிப் பணி.

நம் குடும்பத்துப் பெண் பிள்ளை முதலாண்டு படிக்கிறாள். தம் ஊருக்குப் பயன்படும் ஓர் இணையப் பக்கத்தை உருவாக்கி வருமாறு வகுப்பில் சொன்னார்கள். ரமளான் நெருங்கிக்கொண்டிருந்ததால், முப்பது நாள்களுக்குமான ஸஹர், இஃப்தார் நேர அட்டவணையை அவள் தேர்ந்தெடுத்தாள். வெளிர்பச்சைப் பின்னணி, பொன்னிற எழுத்துகள், மேலே பிறை, இரு பக்கமும் மினாராக்கள் என்று கைப்பேசிச் செயலி ஒன்றில் அழகாக வரைந்து, முழுவதையும் ஒரே படமாக்கிப் பக்கத்தில் ஒட்டினாள். வீட்டிலிருந்த நாம் அனைவரும் மாஷா அல்லாஹ் என்று வியந்தோம்.

ஆசிரியர் வியக்கவில்லை. தம் கைப்பேசியில் திரையை வாசித்துச் சொல்லும் வசதியை இயக்கி, அதை அவளிடம் கொடுத்து, "கண்ணை மூடிக்கொள். மூன்றாம் நோன்புக்கு ஸஹர் எப்போது முடிகிறது என்று உன் பக்கத்திடமே கேட்டுச் சொல்" என்றாராம். அவள் திரையைத் தொட்டாள். "படம்" என்ற ஒரே சொல்லோடு கைப்பேசி நின்றுவிட்டது. அழகான வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று முதலில் நமக்கு மனத்தாங்கலாகத்தான் இருந்தது. பிறகுதான் நம் தெருவிலுள்ள ஒரு பெரியவரின் நினைவு வந்தது.

சர்க்கரை நோயால் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர் அவர். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருவார். கைப்பேசியில் வரும் செய்திகளை அது வாசிக்கக் கேட்டு, பதிலும் சொல்லி அனுப்புவார். ஆனால் ரமளான் வந்துவிட்டால், "தம்பி, இன்று ஸஹர் முடிவு எத்தனை மணிக்கு?" என்று தராவீஹ் முடிந்து போகும் யாரையாவது நிறுத்திக் கேட்பார். நாமும் பலமுறை அன்போடு பதில் சொல்லியிருக்கிறோம். ஒரு நன்மை செய்துவிட்ட மனநிறைவோடு வீடு திரும்பியும் இருக்கிறோம். அட்டவணையைப் படமாக அனுப்பி, அவரை ஒவ்வோர் இரவும் கேட்க வைத்தவர்கள் நாமே என்பது அதுவரை நமக்குத் தோன்றவே இல்லை.

இந்த இடத்தில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது மார்க்கத்தை அறியும் வேட்கையோடு வந்தவர், கண்பார்வையற்ற அந்த ஸஹாபி. அவர் பக்கம் முகம் திரும்பாமல் போனதற்காக அல்லாஹ் தன் தூதரையே திருத்தி அருளிய அத்தியாயம்தான் 'அபஸ'. அறிவைத் தேடி வருபவரின் பார்வைக்குறை அவரைப் புறந்தள்ளுவதற்குக் காரணமாகாது என்பது கியாம நாள் வரை ஓதப்படும் பாடமாகிவிட்டது.

வரலாறு அத்துடன் முடியவில்லை. மதீனாவில் அவரை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக நியமித்தார்கள். ரமளானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவு மீதமிருக்கும்போதே ஒலிக்கும். இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்லும் வரை உண்ணலாம், பருகலாம் என்று நபியவர்கள் மக்களுக்கு அறிவித்திருந்தார்கள். அவருக்கு வைகறை வெளுப்பது தெரியாது. விடிந்துவிட்டது என்று அருகிலிருந்தோர் சொன்ன பிறகே பாங்கு சொல்வார் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஸஹர் முடிந்த செய்தியை மதீனா முழுமைக்கும் அறிவித்தவர் பார்வையற்ற ஒருவர். கையில் இத்தனை கருவிகளை வைத்திருக்கும் நாம், பார்வையற்ற ஒருவருக்கு அதே செய்தியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறோம்.

முதலாண்டுப் பாடத்தின் உள்ளடக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். முதல் வாரங்களில் பிள்ளைகள் கற்பது ஹெச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இடும் முறை அது. நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றைக் கவனிப்பது சி.எஸ்.எஸ்.; அது அடுத்து வருகிறது. கட்டமைப்பு முதலில், அலங்காரம் பிறகு. "ஒரே பக்கத்தை இத்தனை நாள் கையால் எழுத வைக்கிறார்களே" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வது இந்த முதல் வாரங்களைத்தான். பாடத்தின் உயிர் இருப்பதும் அங்கேதான்.

ஸஹர் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். அதைப் படமாக ஒட்டாமல் உண்மையான அட்டவணையாக எழுதி, மேல் வரிசையின் கட்டங்களைத் தலைப்புக் கட்டங்கள் என்று குறித்துவிட்டால், திரை வாசிப்பான் மென்பொருள் ஒவ்வொரு நேரத்தையும் அது ஸஹர் முடிவா, இஃப்தாரா என்று சேர்த்தே சொல்லும். பக்கத்தின் மொழி தமிழ் என்று ஒரு சொல்லில் அறிவித்துவிட்டால், தமிழ்க் குரல் உள்ள கருவி அதைத் தமிழாகவே வாசிக்கும். இடையில் அரபு துஆ வந்தால் அதன் மொழியையும், வலமிருந்து இடமாகச் செல்லும் அதன் திசையையும் குறிக்க வேண்டும். படம் தேவைப்படும் இடத்தில், அது எதைக் காட்டுகிறது என்பதை ஒரு வரியில் மாற்று உரையாக எழுத வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். வெளிர்பச்சையின் மேல் பொன்னிறம் அந்தத் தேர்வில் தோற்றுவிடும்.

இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த நுணுக்கங்கள் அல்ல. டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலையை, சேர்ன் ஆய்வுக்கூடம் 1993இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக அறிவித்தது. அனைவரும் அணுகத்தக்கதாகப் பக்கங்களை அமைக்கும் வழிகாட்டு நெறிகள் 1999இலேயே வெளிவந்துவிட்டன. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவல்கள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. கருவி இருக்கிறது, நெறி இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. குறைவது நம் கவனம் மட்டுமே.

"இப்போது ஆயத்த வார்ப்புருக்கள் கொட்டிக் கிடக்கின்றன. செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் நொடியில் பக்கத்தைக் கட்டித் தருகிறது. இதையெல்லாம் கையால் எழுதிக் கற்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது தந்ததைச் சோதிக்கத் தெரிந்தவர் யார்? கண்ணுக்கு நேர்த்தியாகத் தோன்றும் பக்கத்தின் உள்ளே தலைப்புகள் வெறும் பெரிய எழுத்துகளாகவும், பொத்தான்கள் பெயரற்றவையாகவும் இருக்கலாம். அடிப்படையைக் கையால் கற்றவருக்கே அந்தக் குறை புலப்படும். கற்காதவர், பிறருடைய குறையைத் தம் பெயரில் ஒப்படைத்துவிட்டு வருவார். பொறுப்பேற்ற வேலை அமானிதம். உள்ளே இருப்பது தெரியாமல் அதை ஒப்படைப்பது எப்படிச் சரியாகும்?

"நம் ஜமாஅத்தில் பார்வையற்றவர்கள் எத்தனை பேர்? ஒருவர், இருவர். அவர்களுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்றும் கேட்கப்படுகிறது. அபஸ அத்தியாயத்தின் பின்னணியில் இருந்தவரும் ஒரே ஒருவர்தாம் என்பதே முதல் பதில். இரண்டாவது பதில், பயன் அந்த ஒருவரோடு நிற்பதில்லை என்பது. கண்புரையால் சிறிய எழுத்துகள் மங்கித் தெரியும் பாட்டிமாருக்கு, எழுத்தாக உள்ள அறிவிப்பைப் பெரிதாக்கிக் கொள்ள முடியும். வாசிக்கப் பழகாதவர் அதைக் காதால் கேட்க முடியும். இணைய வேகம் குறைந்த ஊரில் நூற்றுக்கணக்கான கிலோபைட் கொண்ட படம் திணறும்போது, பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கும் எழுத்து வடிவம் உடனே வந்து சேரும். தேடினால் அகப்படுவதும், வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து உருது பேசும் குடும்பங்களுக்காக எளிதில் மொழிபெயர்க்க முடிவதும் எழுத்தே.

எதைச் செய்தாலும் இஹ்ஸானோடு, அதாவது செம்மையாகச் செய்யுமாறு அல்லாஹ் விதித்திருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கற்பித்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அறுக்கும் பிராணிக்கு வேதனை குறைய வேண்டும் என்பதற்காகக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்னதும் அதே ஹதீஸ்தான். வாய் பேசாத உயிரின் சிரமத்தையும் எண்ணிப் பார்க்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, வாய்விட்டுக் கேட்கும் மனிதரின் சிரமத்தை எண்ணாமல் ஓர் அறிவிப்பை அமைப்பது நமக்குத் தகாது. யாரும் பார்க்காத குறிகளைச் சரியாக எழுதுவது, அல்லாஹ் பார்க்கிறான் என்ற நிய்யத்தோடு செய்தால் இபாதத்தாகவே ஆகும்.

ஆகவே பெற்றோரே, "என்ன சம்பளம்?", "எங்கிருந்து வேலை?" என்ற கேள்விகளோடு, "நீ செய்தது யாருக்கெல்லாம் போய்ச் சேரும்?" என்ற கேள்வியையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். மாணவ மாணவியரே, பணியை ஒப்படைக்கும் முன் ஒருமுறை திரை வாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, தொழுகை நேரம், ஜனாஸா அறிவிப்பு, ஜும்ஆ மாற்றம் எதுவானாலும் அழகிய படத்தோடு கூடவே அதே செய்தியை யூனிகோடு தமிழ் எழுத்திலும் அனுப்புங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைக் கருவிகள் பொருளற்ற ஒலிகளாகவே வாசிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இத்துறையைப் படிக்கும் பிள்ளைகள் அநேகமாக ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

நம் வீட்டுப் பெண் இரண்டு இரவுகள் அமர்ந்து அட்டவணையை மீண்டும் எழுதினாள். பிறையும் மினாராக்களும் சிறிதாகி ஓரத்திற்குச் சென்றன. முதல் நோன்பின் முந்தைய இரவு அதன் இணைப்பை அந்தப் பெரியவருக்கு அனுப்பினோம். தராவீஹ் முடிந்து அவரைக் கண்டபோது, வழக்கமான கேள்வி வருமென்று நின்றோம். அவர் கேட்கவில்லை. பேரனின் தோளைப் பற்றியபடி, "தம்பி, நாலே முக்காலுக்கு முடிகிறது, தெரியுமல்லவா? தூங்கிவிடாதே" என்று நமக்கு நினைவூட்டிவிட்டுச் சென்றார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியைப் பிறருக்குப் பயன் தரும் கல்வியாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.