பதக்க அவசரமும் பிஞ்சுத் தோள்களும்

கடந்த 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் கடந்தார் சஜன் பிரகாஷ். ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். அப்போது அவருக்கு வயது 27. அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 15 வயதில் லண்டனில் 800 மீட்டரில் தங்கம் வென்றவர்; 27 வயதில் பாரிஸிலும் அதே பிரிவில் தங்கம் வென்றார். திறமை சீக்கிரம் மலரலாம், தாமதமாகவும் மலரலாம். அது நிலைப்பதற்கு அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும்.

ஆனால், பத்து வயதுச் சிறாருக்கும் அடுத்த போட்டியின் பதக்கமே இலக்காக வைக்கப்படுகிறது. சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் என்பது பெற்றோரின் கணக்கு. பதக்கங்கள் புதிய மாணவர்களைக் கொண்டுவரும் என்பது பயிற்சி மையத்தின் கணக்கு. இரு கணக்குகளிலும் குழந்தையின் தோள்பட்டைக்கு இடமில்லை.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீந்தும் வேகம் இரு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எனவே, உடலை நேர்க்கோட்டில் வைத்து அந்த எதிர்ப்பைக் குறைக்கும் நுட்பமே சிக்கனமான முதலீடு. நுட்பம் கைவராத சிறாரை நெடுந்தூரம் நீந்த வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். களைத்த உடலில் பிழையான கைவீச்சு ஆயிரக்கணக்கான முறை தொடர்ந்தால் பிழையே பழக்கமாகிறது. தோள் வலியும் உடன் வருகிறது.

நுட்பம், தாங்குதிறன், வேகம் ஆகிய மூன்றும் தேவைதான், விகிதமே கேள்வி. பருவமடையும் முன் நான்கு பாணிகளிலும் நுட்பம் முதன்மை பெற வேண்டும். வளரிளம் பருவத்தில் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். கடுமையான வேகப் பயிற்சி உடல் முதிர்ந்த பிறகு வரட்டும். அதற்காகச் சிறார் விரைந்து நீந்தவே கூடாது என்பதில்லை. அன்றாடப் பயிற்சியின் தொடக்கத்தில், களைப்பு சேரும் முன், 15 அல்லது 25 மீட்டர் குறும்பாய்ச்சல்களைப் போதிய ஓய்வுடன் செய்யலாம். நீண்ட தூரம் அதன் பின்னரே.

ஊக்கத்தொகை எதற்கோ, உழைப்பும் அதற்கே என்பது பொருளியலின் பாலபாடம். எனவே, இளையோர் போட்டிகளில் நான்கு பாணிகளும் அடங்கிய தனிநபர் கலப்பு நீச்சலுக்குக் கூடுதல் மதிப்பளிக்க வேண்டும். பயிற்றுநரை மதிப்பிடும்போது, அவரிடம் பயின்ற சிறார் பன்னிரண்டு வயதில் வென்ற பதக்கங்களை மட்டும் எண்ணாமல், அவர்களில் எத்தனை பேர் பதினெட்டு வயதிலும் நலமாக நீந்துகின்றனர் என்பதையும் எண்ண வேண்டும்.