கார் நிற்கும் நிலம்

வீட்டிலிருந்து அலுவலகம் வந்து செல்வதற்கென மத்திய அரசு ஊழியருக்குப் போக்குவரத்துப் படி வழங்கப்படுகிறது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பின், 2017 ஜூலை முதல், பெருநகரங்களில் ஒன்பதாம் ஊதிய நிலையிலும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு அது மாதம் 7,200 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. பஸ்ஸில் வருபவருக்கும் சொந்தக் காரில் வருபவருக்கும் தொகை ஒன்றே. இதில் பாரபட்சம் இல்லையென்றே முதலில் தோன்றும்.

ஆயின் காரில் வருபவர், பல அலுவலகங்களில், வேறொன்றும் பெறுகிறார். அது சம்பளப் பட்டியலில் ஏறுவதில்லை. திறந்த வெளியில் ஒரு கார் நிற்க 23 சதுர மீட்டர் வேண்டுமென்று தில்லியின் மாஸ்டர் பிளான் கணக்கிடுகிறது, நிலவறையில் 32. இதனினும் சிறிய இடத்தில் குடும்பம் நடத்துவோர் நம்மிடையே பலர். நகரின் நடுவே அத்துணை நிலம் நாள் முழுதும் ஒரு காருக்கு விடப்படுகிறது. 'இலவசம்' என்னும் சொல்லை மொழிபெயர்ப்பில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நகர நிலத்திற்கு அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

கலிபோர்னியா மாநிலம் 1992இல் ஒரு சட்டம் இயற்றிற்று. ஊழியரின் கார்களுக்கு இடத்தை வாடகைக்கு எடுத்துத் தரும் பெரிய நிறுவனங்கள், அவ்விடம் வேண்டாதவருக்கு அவ்வாடகையைப் பணமாகத் தர வேண்டும். பேராசிரியர் டொனால்டு ஷூப் எட்டு நிறுவனங்களை ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டார். தனியே கார் ஓட்டி வந்தோர் 17 சதவீதம் குறைந்தனர். பொது ஊர்திகளில் வந்தோர் 50 சதவீதம் பெருகினர். எவருடைய காருக்கும் தடை விதிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நம் அலுவலகங்களோ பெரும்பாலும் சர்க்கார் நிலத்தில் உள்ளவை. மிச்சமாகும் வாடகை ஏது? ஆகவே கார் நிறுத்துவோரிடம் மாதக் கட்டணம் பெற்று, அதனை நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வருவோர்க்கே பகிர்ந்தளிக்கலாம் என்பது என் கருத்து. கருவூலத்தில் சேர்த்துவிட்டால் அது மற்றுமொரு வரியாகவே கருதப்படும். பக்கத்து மேசைக்காரர் கைக்குப் போனால் பேச்சு வேறாகும். உடல் ஊனமுற்றோர்க்கு இக்கட்டணம் கூடாது. பஸ்ஸே எட்டிப் பாராத ஊர்களில் பணியாற்றும் கள அலுவலர்க்கும் இது பொருந்தாது. முதலில் பஸ் வரட்டும்.

ஆசிரியர்கள் ஒரு நாள் மாணவருடன் அளவு நாடா கொண்டு ஏதேனும் ஓர் அலுவலக முற்றத்தை அளந்து பார்க்கலாம்: கார்கள் கொண்ட இடம் எவ்வளவு, அவற்றில் வந்தவர் எத்தனை பேர், சைக்கிள்கள் எங்கே சாய்த்து வைக்கப்பட்டுள்ளன என்று.