காலடியில் இல்லம்

தங்கம் விலை ஏற ஏற, ஆற்று மணலை அலசிப் பொன்துகள் எடுக்கும் வீடியோக்களும் கைபேசியில் பெருகிவிட்டன. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் பிளாஸ்டிக் தட்டு, கீழே 'விடுமுறைப் பொழுதுபோக்கு' என்று ஒரு வரி. இந்த வாரத்து எரிச்சல் அந்தச் சொல்லின்மேல்தான். தட்டு சுழல்வதைப் பார்த்தால் இலங்கையின் இரத்தினக்கல் ஊரான இரத்தினபுரியில் இருப்பவர் சிரிப்பார்: இது நம் வட்டிதானே! அங்கே குழியிலிருந்து ஏற்றிய இல்லத்தை, அதாவது இரத்தினக்கல் கிடக்கும் சரளையை, வட்டி என்னும் மூங்கில் கூடையில் அள்ளித் தண்ணீரில் சாய்த்துச் சுற்றுகிறார்கள். களி கலங்கி ஓடும், மணல் விளிம்பைத் தாண்டும், கனத்தது அடியில் நிற்கும். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். நீலக்கல் 4 மடங்குதான். சாதாரண மணலோ 2.65. இடைவெளி குறுகக் குறுகக் கைத்திறன் கூடவேண்டும். ஆகவே தங்கம் அலசுகிறவரைவிட வட்டி சுற்றுகிறவர் கெட்டிக்காரர் என்பது என் கட்சி. ஆனந்த குமாரசுவாமியை இங்கே இழுக்காமல் விடமாட்டேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். கலை வரலாற்றில் புகழ் பெறுமுன் அவர் இலங்கைக் கனிம அளவைத் துறையின் தலைவர். பலாங்கொடைப் பக்கத்துக் கல்குழிச் சரளையில் கிடந்த கனத்த கருங்கனசதுரங்கள்தான் 1904இல் அவர் வழியாகத் தோரியனைட் என்ற புதிய கனிமமாக உலகுக்குத் தெரியவந்தன.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்று ஒரு சீட்டு உண்டு. அதை வாங்கியவர் அனுமதிக்கப்பட்ட நிலத்தில் கைக்கருவியால் தேடிக் கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அது உல்லாசச் சீட்டு. பிறந்தது உல்லாசத்தில் அல்ல. 1854 டிசம்பரில் பல்லாரட் தங்கவயலில், தாங்கமுடியாத உரிமக் கட்டணத்தை எதிர்த்து யுரேக்கா அரணில் நின்றவர்கள்மீது படை பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு ஆண்டே ஒரு பவுணுக்கு அந்தச் சீட்டு வந்தது. தோண்டும் உரிமையோடு வாக்குரிமையும், வீடு கட்டிக் குடியிருக்கச் சிறு துண்டு நிலமும் அதில் அடங்கின. (அதே 1855இல் கப்பலிறங்கிய சீனர் தலைக்கு 10 பவுண் வரி, அவர்களை மறந்து யாரும் புல்லரிக்க வேண்டாம்.) நிலமும் வாக்கும் முதலில், பொழுதுபோக்கு பிறகு.

நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வரிசை தலைகீழ். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992க்குப் பின் கம்பெனிகள் கைக்குப் போயின; லயக் குடியிருப்பில் வாழும் அவர்களுக்குக் காலடி மண் எப்போதும் அடுத்தவருடையது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இன்றிக் கல் தோண்டக்கூடாது. பத்திரத்துக்கு நிலம் சொந்தமாக வேண்டும், இல்லையேல் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். சட்டத்தில் இனப் பெயர் எதுவும் இல்லையே என்பார்கள். உண்மைதான், காணி உறுதி கேட்டாலே போதும், உறுதி இல்லாதவர்கள் தாமாக வெளியே நிற்பார்கள். அவர்களையும் அலசவிட்டால் கரை இடியும், குழிகளில் நுளம்பு பெருகும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. இரத்தினபுரி வெள்ளத்தைக் கண்டவர்கள் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கரையைத் தின்பது பெக்கோ இயந்திரம், வட்டியல்ல. குழியை மூடச் சொல்லும் நிபந்தனையையும் பத்திரம் உள்ளவரிடம்தான் விதிக்க முடியும். இரவில் ஒளிந்து தோண்டுகிறவரிடம் எதை விதிப்பது? இந்தப் பத்தியில், தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்டத் தருவதாகச் சொல்லும் 7 பேர்ச் காணியைப் பற்றி நான் புலம்பாத மாதமில்லை. அந்த 7 பேர்ச்சைக் கொடுக்கும்போது வீட்டோடு உறுதியையும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அடியில் இல்லம் இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் உள்ள தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். பக்கத்தில் தேவாலா. 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தேடிச் சுரங்கம் வெட்டிக் கைவிட்ட ஊர். அங்கேயும் மண்ணைத் தோண்டி அலசினால் வழக்குத்தான்.