உத்தியோகம் போன வீட்டில்

‘உத்தியோகம் புருஷலட்சணம்’ என்று நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருத்தல் வேண்டும். ஆயினும் அச்சொல்லுக்குக் கொடிய மறுபக்கம் ஒன்றும் உண்டு. உத்தியோகமே ஆணுக்கு அழகு என்றால், அஃது இல்லாதுபோனவன் அழகும் மதிப்பும் இழந்தவனாகிவிடுகின்றான். பெண்களும் ஆண்களுக்கு நிகராக உழைக்கும் இக்காலத்தில் அந்தத் தாழ்வெண்ணம் அவர்களையும் விட்டுவைப்பதில்லை. வேலை போன செய்தியை வீட்டிற் சொல்ல அஞ்சி, நாள்தோறும் காலையிற் கழுத்துப்பட்டியுடன் புறப்பட்டு, கடற்கரையிலோ நூலகத்திலோ பொழுதைப் போக்கி, மாலையில் களைத்தவர்போல் வீடு திரும்பும் பிள்ளை ஒருவர் இப்பக்கத்தைப் படிக்கும் குடும்பங்களுள் ஒன்றிலேனும் இருக்கக்கூடும். அவர்பொருட்டும் அவர் வீட்டார்பொருட்டும் இவ்வாரம் சில கருத்துக்களை எழுதுகின்றோம்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் விற்பனைப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். நம் இளைஞர் பலர் க.பொ.த. உயர்தரம் முடித்ததும் முதன்முதலிற் கால்வைக்கும் தொழில்களுள் அதுவும் ஒன்று. ஒரு காலத்தில் இந்நாட்டில் ஒரு தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார்கள். 1989ஆம் ஆண்டிற் கைத்தொலைபேசிச் சேவை இங்கு தொடங்கியபின் நிலைமை மெல்ல மாறியது. 2009ஆம் ஆண்டளவில் ஐந்து நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. வாடிக்கையாளன் நிறுவனத்தைத் தேடிய காலம் போய், நிறுவனம் வாடிக்கையாளனைத் தேடித் தெருத்தெருவாக ஆளனுப்பும் காலம் வந்தது. பின்னர் 2018ஆம் ஆண்டில் ஒன்றும் 2024ஆம் ஆண்டில் ஒன்றுமாக இரு நிறுவனங்கள் பிறவற்றோடு இணைந்தமையால் ஐந்து மூன்றாகியது. இன்று நாட்டின் சனத்தொகையிலும் கைத்தொலைபேசி இணைப்புக்களின் தொகை அதிகம். பணம் மீள்நிரப்பவும் புதிய திட்டத்துக்கு மாறவும் கைத்தொலைபேசியிலுள்ள செயலியே போதும். ஆதலின், இத்துறையில் ஒருவனுடைய வேலை போனால் அஃது அவனது சோம்பலாலேதான் போயிற்று என்று எண்ணுதல் தகாது. அவனது உழைப்பு குறையாதிருக்கச் சந்தை சுருங்கியிருக்கலாம்.

இத்தொழிலின் இயல்பையும் வீட்டார் அறிதல் நன்று. இதில் எல்லாம் ‘இலக்கு’ என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே சுழலும். ஒரு மாதத்தில் இலக்கை முற்றாக எய்தியவனும் மறுமாதம் முதலாந் திகதி பூச்சியத்திலிருந்தே தொடங்கல் வேண்டும். காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கணக்குக் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கும் கைத்தொலைபேசியில் வரிசைப் பட்டியல் வந்து சேரும். இவ்வாறு ஓடிய ஒருவனுக்கு வேலை போன முதலிரு நாள்கள் நிம்மதியாகவே இருக்கும். காலையில் எவரும் இலக்குக் கேட்பதில்லை. அந்நிம்மதியைக் கண்டு ‘இவனுக்குக் கவலையே இல்லை’ என்று வீட்டார் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் அது களைத்த உடம்பின் ஓய்வேயன்றி மனத்தின் அமைதி அன்று. ஒரு கிழமை கழிந்தபின்னரே வெட்கமும் அச்சமும் தலைதூக்கும்.

ஆகவே முதலிற் செய்யவேண்டியது, செய்தியை அன்றைக்கே வீட்டிற் சொல்லுதல். இதனை ஒழுக்க உபதேசமாகக் கூறவில்லை, கணக்காகவே கூறுகின்றோம். மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் வீடு பழைய வருமானத்தை நம்பியே செலவு செய்கின்றது. தங்கையின் பிறந்தநாளுக்குப் புடைவை வாங்கப்படுகின்றது. சீட்டுக்குப் புதிதாகப் பெயர் கொடுக்கப்படுகின்றது. உண்மை வெளிப்படும்போது வேலையோடு சேமிப்பும் போயிருக்கும். அவற்றினும் பெரிதாகிய நம்பிக்கையும் போயிருக்கும்.

இரண்டாவது, கடதாசி விடயம். ‘நீயாகவே விலகுவதாக எழுதிக் கொடு, அதுதான் உன் பெயருக்கு நல்லது’ என்று மேலாளர் சொல்லக்கூடும். அந்த இடத்திலேயே கையொப்பம் வைத்தல் கூடாது. ஒரு நாள் தவணை கேட்டு, வீட்டுக்கு வந்து, விடயம் தெரிந்த ஒருவரோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும். ஏனெனில், தானாக விலகியவனுக்கும் விலக்கப்பட்டவனுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையை முடிவுறுத்தல் பற்றிய சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் தாபனம் ஒன்றில், முந்திய 12 மாதங்களுள் 180 நாளாவது வேலைசெய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணத்துக்காகவன்றி நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ பெற்றிருத்தல் வேண்டும். இலக்கைத் தொடாமை ஒழுக்காற்றுக் குற்றமாகுமா என்பது தனியே ஆராயத்தக்கது. முறையிட விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் தொழில் திணைக்களத்தின் அண்மிய அலுவலகத்துக்குச் செல்லல் வேண்டும். காலந் தாழ்த்தினால் உரிமையும் தாழ்ந்துபோம். ‘நான் முகவர் மாத்திரமே, ஊழியன் அல்லன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பினும் மனந்தளர வேண்டுவதில்லை. தாளிலுள்ள பெயரோடு, வேலை நடந்த விதத்தையும் தொழில் நியாய மன்றம் நோக்கும்.

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், தரகுப்பணக் கணக்கு, நிறுத்தற் கடிதம் ஆகியவற்றை ஒரு கோவையில் இட்டு வைத்தல் நன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு நூற்றுக்கு 8, தொழில்தருநரின் பங்கு நூற்றுக்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் செலுத்துவது நூற்றுக்கு 3. இவை ஒழுங்காகச் செலுத்தப்பட்டனவா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும். சேமலாப நிதி முதுமைக்கென வைக்கப்பட்டது. வேலை போயிற்று என்பதற்காக மாத்திரம் அதனை எடுத்துவிட இயலாது. ஆனால் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையை விட்டதும் கோரலாம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையே இவ்வாறு பெறலாமாதலின், அவசரம் உண்மையானதா என்று எண்ணிப் பார்த்துக் கோருக. பதினைந்து பேருக்குக் குறையாத தாபனத்தில் ஐந்து ஆண்டு சேவையை நிறைவு செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்பது கணக்கு.

மூன்றாவது, பணம். தரகுப் பணத்தில் வாழ்வோரிடம் காணப்படும் ஒரு வழக்கத்தை இங்கு சொல்லியாக வேண்டும். அவர்கள் தம் வருமானத்தை நல்ல மாதத்தைக் கொண்டு அளக்கின்றனர். கடனையோ எல்லா மாதத்துக்குமாக எழுதிக் கொடுக்கின்றனர். எடுத்துக்காட்டாக, அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபாவும் நல்ல மாதத்திற் தரகு 60,000 ரூபாவும் பெற்ற ஒருவரைக் கற்பனை செய்வோம். அவர் வீடு 1,05,000 ரூபாச் செலவுக்குப் பழகிவிடுகின்றது. வேலை போனபோது கையிலுள்ளது 2,40,000 ரூபா என்க. பழைய செலவே தொடர்ந்தால் அது இரண்டு மாதத்தைச் சற்றே தாண்டும். செலவை 60,000 ரூபாவுக்குச் சுருக்கினால் நான்கு மாதம் நிற்கும். தொகை ஒன்றே, ஆனால் இரண்டு மாதத்தில் எந்த வேலையையும் அஞ்சி ஏற்பவனுக்கும், நான்கு மாதம் தேர்ந்தெடுக்கக் கூடியவனுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

மோட்டார்ச் சைக்கிளைத் தவணைக் கட்டணத்தில் வாங்கியிருந்தால், தவணை தவறும்வரை காத்திராமல், முன்னதாகவே நிதி நிறுவனத்துக்குச் சென்று காலத்தை நீட்டித் தருமாறு எழுத்திற் கேட்டல் வேண்டும். தவறாதவன் கேட்கும்போது கிடைக்கும் செவி, தவறியவனுக்குக் கிடைப்பதில்லை. நகையை அடைவு வைக்க நேர்ந்தால், அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வைக்கலாம். ஒரு கடனின் தவணையைக் கட்ட மற்றொரு கடனாக அதனை வைத்தல் ஆகாது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் விலைவாசியும் வட்டியும் ஒருங்கே உயர்ந்தபோது, கடனாற் கடனை அடைக்க முயன்றவர்கள் பட்ட பாட்டை நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா.

நான்காவது, பொழுது. இது சிறிய விடயம்போலத் தோன்றும். ஒஸ்திரியா நாட்டில், வியன்னா நகருக்கு அணித்தான மரியந்தால் என்னும் சிற்றூரில் இருந்த நெசவாலை 1930ஆம் ஆண்டளவில் மூடப்பட்டது. அவ்வூரின் 478 குடும்பங்களிற் பெரும்பாலானவை அவ்வாலையையே நம்பியிருந்தன. மரி யகோடா, போல் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் மூவரும் தம் குழுவினருடன் அவ்வூரை ஆராய்ந்து 1933ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். ஓய்வு மிகுந்தால் மக்கள் மிகுதியாக வாசிப்பர் என்று நாம் எண்ணுவோம். அங்கு நடந்ததோ நேர்மாறு. நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆடவர் வீதியில் மெல்ல நடந்தனர். இடையிடையே காரணமின்றி நின்றனர். அன்று என்ன செய்தீர் எனக் கேட்டபோது பலருக்குச் சொல்ல எதுவுமில்லை. பெண்களோ விரைந்து நடந்தனர். அவர்களும் ஆலை வேலையை இழந்தவர்களே. ஆனால் சமையலும் துவைத்தலும் பிள்ளைகளும் அவர்கள் நாளை உடையாது பிடித்துவைத்திருந்தன.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் வெளிப்படை. விற்பனையாளனின் நாளைப் பிறர் வகுத்த இலக்கு நடத்தி வந்தது. அஃது ஒழிந்தபின் அவன் தன் நாளைத் தானே வகுத்தல் வேண்டும். காலை இரண்டு மணிநேரம் வேலை தேடலுக்கு. அதன்பின் வீட்டு வேலையில் ஒரு பங்கு. பிற்பகல் ஏதேனும் ஒன்றைக் கற்றல். மாலையிற் பிள்ளைகளின் பாடம் அல்லது ஒரு நடை. சந்தைக்குப் போவதும் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வதும் ஆண்பிள்ளைக்கு இழிவு என்று எண்ணும் வீடுகள், மரியந்தாலின் ஆடவர் நடையை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

இனி, அடுத்த வேலை. மூடிய கதவைத் தட்டும் துணிவு, அந்நியர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம், மூன்று மொழிகளிலும் ஒருவாறு பேசும் திறன், மாவட்டத்தின் ஒவ்வொரு கடைத்தெருவையும் அறிந்த அறிவு ஆகியன நிறுவனத்தின் உடைமை அல்ல, அவன் உடைமை. மருந்து, விவசாய உள்ளீடு, கட்டடப்பொருள் முதலிய துறைகளுக்கும் அவை வேண்டற்பாலன. கைத்தொலைபேசி பழுதுபார்த்தல் முதலிய கைத்தொழில் தெரிந்தவராயின், வகுப்புக்குச் செல்லாமலே, பெற்ற அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு. மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் உள்ளனர்; அவர்களை அணுகி விசாரித்தல் நலம். புதிய இடத்தில் ‘தரகு எவ்வளவு’ என்று கேட்பதற்கு முன், ‘நிலையான சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி உண்டா’ என்று கேட்கப் பழகுக.

பேசத் தெரிந்தவனைத் தேடி வலைவீசுவோரும் உளர் என்பதை மறத்தலாகாது. ஆள் சேர்த்தாற் பணம் என்று அழைக்கும் பிரமிட் திட்டங்கள் இந்நாட்டின் வங்கிச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டவை. அவற்றில் முதலில் இழக்கப்படுவது உறவினர் பணம், பின்னர் உறவு. தாய்லாந்திற் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட நம் நாட்டு இளைஞர் சிலர் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, அண்மை ஆண்டுகளில் மீட்கப்பட்டமை செய்தித்தாள்களில் வந்ததே. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதியப்படாத எந்த முகவரையும் நம்பி விமானம் ஏறற்க.

மாணவர்களுக்கும் ஒரு சொல். விற்பனைத் தொழில் இழிந்ததன்று; அதில் உயர்ந்தோர் பலர். ஆனால் அதிற் சேரும்போதே, மாலை வகுப்பில் ஒரு கணக்கியலோ ஒரு கைத்தொழிலோ உடன் கற்று வாருங்கள். நல்ல மாதத்தின் தரகில் ஒரு பங்கைப் படிப்புக்கென ஒதுக்கினால், இலக்கு எய்தாத மாதத்தில் அது உங்களைத் தாங்கும்.

இறுதியாக வீட்டாருக்கு. ‘அடுத்த வீட்டுப் பிள்ளை வங்கியிற் சேர்ந்துவிட்டதாமே’ என்னும் பேச்சைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வையுங்கள். நாள்தோறும் ‘ஏதாவது சரிவந்ததா’ என்று கேளாமல், கிழமைக்கு ஒரு நாள் குறித்து, அன்று மாத்திரம் அமர்ந்து கணக்கையும் முயற்சியையும் பேசுங்கள். உறக்கமின்மை நீடித்தாலோ, ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற சொல் வாயில் வந்தாலோ, அதனைச் சினத்தின் சொல்லாகத் தள்ளிவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்; தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

இன்னும் வீட்டிற் சொல்லாதிருக்கும் நேயர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், இன்றிரவு உணவுக்குப்பின் சொல்லிவிடுக. நாளைக் காலை கழுத்துப்பட்டி கட்டும் வேலை மிச்சமாகும். அந்நேரத்தில் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதிவிடலாம்.