துருப்பிடிக்காத பொருளும் பழுதாகும்

இரும்பு துருப்பிடிக்கிறது, சைக்கிள் செயின் தேய்கிறது, குடைத்துணி நைந்து போகிறது. சர்வரில் இயங்கும் மென்பொருள் தேயுமா? நேற்று எழுதிய ஆணைகள் ஓர் எழுத்தும் மாறாமல் இன்றும் அப்படியே இருக்கின்றன அல்லவா? "நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் தொட வேண்டும்?" என்று பலரும் கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வியே தவறானது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

லட்சக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் பிழைகள் ஒளிந்திருப்பது இயல்பு. ஒரு பிழை தெரிய வந்ததும் அதை உருவாக்கியவர்கள் திருத்தம் ஒன்றை வெளியிடுகின்றனர். இங்கேதான் ஒரு விந்தை! திருத்தம் வெளியானதும், ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே திருத்தப்படாத சர்வர், தான் சிறிதும் மாறாமலேயே, நேற்றைவிட இன்று அதிக ஆபத்தில் இருக்கிறது.

மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபேக்ஸுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பது 2017 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. இலவசமாகவே திருத்தமும் கிடைத்தது. 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யும்படி நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போயிற்று. ஆயினும் அந்த மென்பொருள் எந்தெந்தச் சர்வரில் ஓடுகிறது என்ற முழுமையான பட்டியல் அவர்களிடம் இல்லை. ஓர் இணையதளம் விடுபட்டுவிட்டது. மே மாத நடுவில் திருடர்கள் அதன் வழியே நுழைந்தனர். தகவல் போக்குவரத்தைக் கண்காணிக்க ஒரு கருவி இருந்தது; அதன் சான்றிதழோ பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. ஜூலை 29 அன்று அதைப் புதுப்பித்த பிறகே திருட்டு கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடி மக்களின் விவரங்கள் களவு போய்விட்டன. 2019இல் குறைந்தது 57.5 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. மருந்து கையில் இருந்தும் கொடுக்கத் தவறியதால் வந்த வினை இது.

"புதுப்பித்தலாலும் கேடு வருகிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின; விமானங்கள் பல ரத்தாயின. சோதிக்காமல் புதுப்பிக்காதே என்பதே இதன் பாடம். முதலில் தகவல்களுக்கு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தனியான ஒரு கணிப்பொறியில் சோதிக்க வேண்டும். அதன்பின் சில சர்வர்களில், கடைசியில் எல்லாவற்றிலும் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழையைப் பார்க்கிறோம். அது நேற்று சரியாக இருந்ததே என்று யாரும் விட்டுவிடுவதில்லை. இதுவும் அதுபோன்ற ஒழுக்கமே.

நாம் இணையதளத்தைத் தொடங்க விழா எடுக்கிறோம். பராமரிக்க ஆளும் வைப்பதில்லை, பணமும் ஒதுக்குவதில்லை. இது மாற வேண்டும். பொதுமக்களின் விவரங்களை வாங்கி வைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் பராமரிப்புக்கென்று பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது கட்டாயமாக வேண்டும்.

உங்கள் பள்ளிக்கும் ஓர் இணையதளம் இருக்கலாம். அதில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும்கூட இருக்கலாம். கணிப்பொறி ஆசிரியரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். அதில் என்னென்ன மென்பொருள்கள் உள்ளன? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? நகல் எங்கே இருக்கிறது? உருவாக்கியவர் பள்ளியைவிட்டுப் போய்விட்டால் அடுத்த பொறுப்பு யாருக்கு? விடைகளை ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை சரிபாருங்கள். விடை கிடைக்காத கேள்வி எதுவோ, வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்!