சிலிண்டருக்குள் இருப்பது காஸ் மட்டுமல்ல

2021 நவம்பர் 20ஆம் திகதி காலை கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் கட்டடத்தில் இருந்த உணவகம் ஒன்றில் காஸ் வெடித்தது. அடுத்து வந்த வாரங்களில் நாடெங்கும் சமையலறைகளில் வெடிப்பும் தீயும் என்று செய்தி வராத நாளில்லை. சிலிண்டரை வெளியே வைக்க இடமில்லாத வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளிலும் அந்தப் பயம் ஒரு படி கூடுதல். “புரொப்பேன் என்ற வெடிக்கிற காஸைக் கூட்டிக் கலந்தார்கள், அதனால் சிலிண்டர் வெடித்தது” என்ற விளக்கம் அப்போது பிறந்து இன்றும் நிலைத்திருக்கிறது. கலவை மாறியதே பிரதான காரணம் என்று சனாதிபதி நியமித்த நிபுணர் குழுவும் சொன்னதால், அந்த விளக்கத்துக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிட்டது. குழு சொன்னது வேறு, சனங்கள் விளங்கிக்கொண்டது வேறு. இந்த வேறுபாடு முக்கியமானது. காரணத்தைப் பிழையாக விளங்கியவர் காவலையும் பிழையான இடத்தில்தான் போடுவார்.

முதல் பிழை, சிலிண்டருக்குள் காஸ் மட்டும் அடைபட்டிருக்கிறது என்ற எண்ணம். உள்ளே பெரும்பகுதி புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அதற்கு மேலே கொஞ்ச இடத்தில்தான் ஆவி. அடுப்பை வெகுநேரம் பெரிதாக எரியவிட்டு சிலிண்டரின் இரும்பைத் தொட்டால் அடிப்பகுதி சில்லென்று இருக்கும். சில நாட்களில் வியர்த்தும் இருக்கும். திரவத்திலிருந்து துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிய பிடியை விட்டு ஆவியாக வெளியேறுகின்றன. அதற்கு வேண்டிய வெப்பம் திரவத்திலிருந்தும் இரும்பிலிருந்தும் போகிறது. அந்தக் குளிர் எந்த உயரம்வரை ஏறி நிற்கிறதோ அதுவரை திரவம் இருக்கிறது. மூடிய கலத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது அமுக்கத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும் கலவையும். திரவம் எவ்வளவு மிச்சம் என்பது அதில் சேராது. கால்வாசிச் சிலிண்டரும் முழுச் சிலிண்டரும், கலவை ஒன்றானால், ஒரே அமுக்கத்தையே காட்டும். அப்படியானால் முடியும் தறுவாயில் சுவாலை ஏன் தளர்கிறது என்று கேட்கலாம். புரொப்பேன் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்புக் குறைவு என்பதால் அவை முந்திக்கொண்டு வெளியேறுகின்றன. கடைசியில் மிஞ்சுவது பியூட்டேன் கூடிய திரவம், அதன் அமுக்கம் குறைவு.

இரண்டாவது, புரொப்பேன் பியூட்டேனைவிட ‘வெடிக்கிற’ காஸ் என்பது. ஒரு கிலோ எரிந்தால் இரண்டும் தரும் வெப்பம் ஏறக்குறைய சமம். வளியில் சுமார் 2 சதவீதம் சேர்ந்தால் இரண்டுமே தீப்பற்றத் தயார். இரண்டும் வேறுபடுவது ஆவியாகும் வேகத்தில்தான். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையில் கொதிப்பது. பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டிக் கொதிப்பது. கொழும்பின் சாதாரண 30 பாகைச் சூட்டில் தனிப் புரொப்பேனின் ஆவியமுக்கம் கிட்டத்தட்ட 10.8 பார், தனிப் பியூட்டேனுக்கு 2.8 பார் மட்டும். அன்று சர்ச்சையில் அடிபட்ட இரண்டு கலவைகளையும் வைத்து உயர்தர இரசாயனவியல் மாணவர் எவரும் கணக்குப் பார்க்கலாம். புரொப்பேன் 20, பியூட்டேன் 80 என்றால் 4.4 பார். ஐம்பதுக்கு ஐம்பது என்றால் 6.8 பார். தீயின் குணம் மாறவில்லை, ஆனால் வால்வையும் வோஷரையும் தள்ளும் பலம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிட்டது. குளிர் நாடுகளில் புரொப்பேனை மட்டுமே நிரப்பி ஆண்டுக்கணக்கில் சமைக்கிறார்கள். அங்கே வால்வும் ரெகுலேட்டரும் அந்த அமுக்கத்துக்கென்று செய்யப்பட்டவை.

மூன்றாவது, சிலிண்டரே வெடித்தது என்ற பேச்சு. சிலிண்டரின் இரும்பு 6.8 பாரைவிட மிக அதிகமான அமுக்கத்தில் சோதிக்கப்படுவது. அது பிளக்க வேண்டிய தேவை இங்கே எழவில்லை. அந்த நாட்களில் சனங்கள் வால்வின் மேல் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி எழுவதைப் படம்பிடித்துப் பகிர்ந்தார்கள். உண்மையான சாட்சி அந்தக் குமிழிதான். வெடித்தது வெளியே கசிந்து வளியோடு கலந்த ஆவி. பதினைந்து கன மீற்றர் உள்ள ஒரு சிறிய சமையலறையில் 2 சதவீதத்தை எட்ட சுமார் 600 கிராம் போதும். 12.5 கிலோச் சிலிண்டரில் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

இனி, வாயு மேலே போகும், உயரத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தால் போதும் என்ற நம்பிக்கை. புரொப்பேன் மூலக்கூறு வளியைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த ஆவி தரையோடு படர்ந்து அலுமாரிக்கு அடியிலும் கதவிடுக்கிலும் தேங்கும். வாயுத் துணிக்கைகள் கலம் முழுவதும் பரவும் என்றுதானே பாடப்புத்தகம் சொல்கிறது என்று இதற்கு மறுப்பு வரும். புத்தகம் சொல்வது சரிதான். எவ்வளவு நேரத்தில் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. 30 பாகையில் புரொப்பேன் மூலக்கூறு செக்கனுக்குச் சுமார் 400 மீற்றர் வேகத்தில் பறக்கிறது. ஆனால் ஒவ்வொரு கணமும் வளி மூலக்கூறுகளில் மோதித் திசைமாறுவதால் முன்னேற்றம் மிகச் சொற்பம். அசைவற்ற வளியில், பரவலால் மட்டும் ஆளுயரத்தைக் கடக்க ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். பூட்டிய தொடர்மாடி வீட்டில் இரவு முழுக்கக் கசிந்தது விடியும்போதும் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் கிடக்கும். நின்றபடி மோந்து பார்ப்பவரின் மூக்குக்கு அது எட்டாமலே போகலாம்.

கடைசியாக, எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்த வாதம்: கலவையில் குற்றமில்லை, வீட்டாரின் பழைய ரெகுலேட்டரும் மலிவு ஹோஸும்தான் காரணம் என்பது. இதிலும் பாதி உண்மை உண்டு. நல்ல ரெகுலேட்டர் உள்ளே 4.4 பார் இருந்தாலும் 6.8 பார் இருந்தாலும் ஹோஸுக்கு ஒரே சிறிய அமுக்கத்தையே அனுப்பும், தேய்ந்தது அனுப்பாது. விரிசல் விட்ட ஹோஸை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த ஹோஸும் ரெகுலேட்டரும் அதற்கு முந்திய ஆண்டும் அதே வீடுகளில்தான் இருந்தன. ஒரே மாதத்தில் நாடெங்கும் அவை ஒன்றாகப் பழசாகிவிடவில்லை. போதாததற்கு, குமிழி எழுந்த வால்வு ரெகுலேட்டருக்கும் ஹோஸுக்கும் முந்திய இடம். அது வீட்டுக்காரர் வாங்கிப் பொருத்துவதல்ல, சிலிண்டரோடு வருவது. நிரப்புகிறவர் கலவையை மாற்றினால் அமுக்கம் எவ்வளவு ஏறும் என்பதை முதல் சிலிண்டர் கடைக்குப் போகுமுன்பே தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்த்து, வால்வையும் சோதித்து, வீட்டாருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.